ஏற்றத்தில் நின்ற காரைப் பின்னால் உருளாமல் கிளப்புவது எப்படி?

கேள்வி: வழிப்போக்கன்

வணக்கம். ஓட்டுநர் உரிமம் பெற்று நான்கு மாதங்கள் ஆகின்றன. சமதளச் சாலையில், நெரிசல் மிகுந்த நேரத்தில்கூட, கியர் மாற்றுவதிலோ வண்டியை நிறுத்திக் கிளப்புவதிலோ எனக்குச் சிரமம் இல்லை. ஆனால் ஏற்றத்தில் நிற்க நேர்ந்துவிட்டால் கையும் காலும் ஓடுவதில்லை. பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்சிலேட்டருக்குக் கொண்டுபோவதற்குள் வண்டி பின்னால் உருளத் தொடங்கிவிடுகிறது. அதைக் கண்டு பதறிக் கிளட்சைச் சட்டென்று விட்டால், என்ஜின் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிடுகிறது.

இரண்டு வாரங்களுக்கு முன்பு ஓர் அடுக்கு வாகன நிறுத்துமிடத்தின் சாய்தளத்தில், நுழைவுச் சீட்டு வாங்க நின்றவன் மறுபடி கிளம்பும்போது ஒரு முழம் பின்னால் போய், பின்னே நின்ற காரின் பம்பரில் இடித்துவிட்டேன். சேதம் ஒன்றும் இல்லை, அந்த ஓட்டுநரும் பெருந்தன்மையாக விட்டுவிட்டார். ஆனாலும் அன்று முதல் மேம்பாலம் உள்ள வழியைக்கூடத் தவிர்த்துச் சுற்றிப் போகிறேன்.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர், மேட்டில் நின்றால் ஹாஃப் கிளட்சிலேயே, அதாவது கிளட்சைப் பாதி மட்டும் விட்ட நிலையிலேயே, வண்டியைத் தாங்கி வைத்திருக்கச் சொன்னார். அது சரியான பழக்கமா? ஹேண்ட் பிரேக்கைப் பயன்படுத்த வேண்டுமா, கால் பிரேக்கே போதுமா? ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதிக்க வேண்டும்? என்னுடையது ஐந்து கியர் கொண்ட சிறிய பெட்ரோல் கார். ஹேண்ட் பிரேக் கையால் இழுக்கும் வகை. ஏற்றத்தில் தானாகப் பிடித்துக்கொள்ளும் வசதி எதுவும் அதில் இல்லை.


பதில்: நெடுஞ்சாலை

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், பிரேக்கை விட்ட பிறகுதான் கிளட்சைத் தூக்கவே தொடங்குகிறீர்கள் என்று தெரிகிறது. அந்த இடைவெளியில் வண்டியைத் தாங்க எதுவுமே இல்லை. கால் எத்தனை வேகமாக நகர்ந்தாலும் அது உருளத்தான் செய்யும். 100 மீட்டர் தூரத்துக்கு 10 மீட்டர் உயரும் சாலையில், 1,000 கிலோ எடையுள்ள காரை ஏறத்தாழ 100 கிலோ எடைக்கு ஈடான விசை ஓயாமல் பின்னால் இழுத்துக்கொண்டிருக்கிறது. அந்த 100 கிலோவை என்ஜின் தன் தோளில் வாங்கிக்கொண்ட பிறகே பிரேக் கையை விட வேண்டும். ஏற்றத்தில் கிளப்பும் முறைகள் எத்தனை இருந்தாலும், எல்லாமே இந்த வரிசையைக் காப்பாற்றுவதற்காக ஏற்பட்டவைதான்.

புதிதாக ஓட்டுபவருக்கு ஹேண்ட் பிரேக் முறையே நல்லது. வண்டியைத் தாங்கும் வேலையை அது ஏற்றுக்கொள்வதால் இரண்டு கால்களுக்கும் அவகாசம் கிடைக்கிறது, அவகாசம் கிடைத்தால் பதற்றம் தானாகக் குறைகிறது. நின்றவுடன் ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துப் பூட்டிவிட்டு, கால் பிரேக்கிலிருந்து காலை மெல்ல எடுத்துப் பாருங்கள். வண்டி அசையாமல் நிற்க வேண்டும். பிறகு கிளட்சை முழுவதும் மிதித்து முதல் கியரைப் போட்டு, வலது காலால் ஆக்சிலேட்டரைக் கொஞ்சமாக அழுத்தி அப்படியே வைத்திருங்கள். சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு 700 முதல் 900 சுற்று வரை ஓடும் என்ஜினை 1,500 சுற்று அளவுக்கு உயர்த்தினால் மிதமான ஏற்றத்துக்குப் போதும். சுற்றுகளைக் காட்டும் மீட்டர் இல்லாவிட்டால், முணுமுணுத்துக்கொண்டிருக்கும் ஒலி சற்று உரத்துச் சீராகக் கேட்கும் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது இடது காலின் குதிகாலைத் தரையில் ஊன்றியபடி கிளட்சை மெதுவாக மேலே விடுங்கள். முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு ஓரிடத்தில் என்ஜின் ஒலி கொஞ்சம் இறங்கிக் கனமாகும். ஸ்டியரிங்கில் மெல்லிய அதிர்வு ஏறும். பானெட்டின் முன் முனை ஒரு விரற்கடை உயர்ந்து, பின்புறம் அமுங்குவது போலத் தோன்றும். கிளட்ச் பிடிக்கும் இடம் அதுதான். வண்டி முன்னே போகத் துடிக்கிறது, ஹேண்ட் பிரேக் அதைப் பின்னிருந்து பிடித்திருக்கிறது. அங்கே இரண்டு கால்களையும் அப்படியே நிறுத்திவிடுங்கள். பெரும்பாலானவர்கள் தவறுவது இந்த ஒரு கணத்தில்தான்: கை ஹேண்ட் பிரேக்குக்குப் போனதும் கவனமும் கையோடு போய்விடுகிறது, இடது கால் தன்னையறியாமல் ஏறியோ இறங்கியோ விடுகிறது.

கால்கள் அசையாதிருக்க, ஹேண்ட் பிரேக் லீவரை முதலில் இம்மியளவு மேலே இழுத்துப் பொத்தானை அழுத்துங்கள் (இழுக்காமல் அழுத்தினால் பொத்தான் முரண்டு பிடிக்கும்), பின்பு லீவரை முழுவதுமாக இறக்குங்கள். வண்டி அசையாமல் நிற்கும், அல்லது மெல்ல முன்னே நகரும். அதன்பின் ஆக்சிலேட்டரைச் சிறிது கூட்டி, வண்டி தன் நீளத்தில் பாதி தூரமாவது போகும்வரை கிளட்சை நிதானமாக விட்டு முடியுங்கள். லீவரை இறக்கும்போது வண்டி பின்னால் போகப் பார்த்தால், கிளட்சை அவசரமாகத் தூக்கி அதைத் துரத்த வேண்டாம். ஹேண்ட் பிரேக்கைத் திரும்ப இழுத்துவிட்டு, கிளட்சைக் கொஞ்சம் அதிகமாகப் பிடிக்கவிட்டு மீண்டும் தொடங்குங்கள்.

ஏற்றம் செங்குத்தாக இருந்தாலோ, வண்டி நிறைய ஆட்களும் சுமையும் இருந்தாலோ, சுற்றுகளை 2,000 அல்லது அதற்குச் சற்று மேலே கொண்டுபோக வேண்டியிருக்கும். சிறிய பெட்ரோல் என்ஜினுக்கு ஏசியின் கம்ப்ரசரும் ஒரு சுமைதான். மிகக் கடினமான ஏற்றத்தில் கிளம்பும் அந்தச் சில நொடிகள் அதை அணைத்துவைப்பது உண்மையாகவே உதவும்.

பயிற்சியை ஏற்றத்தில் தொடங்காதீர்கள். ஆள் நடமாட்டமில்லாத சமதளத்தில், ஆக்சிலேட்டரைத் தொடாமல், கிளட்சை மட்டும் விட்டு வண்டியை நகர்த்தி நிறுத்துவதை 20, 30 முறை செய்யுங்கள். கிளட்ச் பிடிக்கும் இடம் காலுக்குப் பழகிவிட்டால் மற்றவை தாமாக வந்துவிடும். இருக்கை பின்னால் தள்ளியிருந்தால் கிளட்சை அடிவரை மிதிக்க இடுப்பை நகர்த்த வேண்டியிருக்கும், அந்த நிலையில் நுட்பமாக எதையும் செய்ய முடியாது. முழுவதும் மிதித்த நிலையிலும் முழங்கால் சற்று மடங்கியிருக்கும்படி இருக்கையை அமைத்துக்கொள்ளுங்கள்.


பதில்: பட்டறைக்காரன்

வாகனப் பழுது பார்ப்பது என் தொழில். ஹாஃப் கிளட்சிலேயே வண்டியை நிறுத்திவைக்கும் பழக்கம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

வண்டி நிற்கிறது என்றால் கியர் பாக்ஸோடு இணைந்த கிளட்ச் பிளேட்டும் சுழலாமல் நிற்கிறது. அதை ஒட்டியிருக்கும், என்ஜினோடு சேர்ந்து சுழலும் சக்கரமான ஃபிளைவீலோ நிமிடத்துக்கு 1,500 முறை சுழல்கிறது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று தேய்ந்துகொண்டிருப்பதால்தான் வண்டி மேட்டில் நிற்கிறது. நெடுஞ்சாலை சொன்ன அந்த 100 கிலோ விசையை எடுத்துக்கொண்டால், முதல் கியரில் என்ஜின் ஒரு சுற்றுக்குச் சக்கரம் சுழல்வது ஏறத்தாழ பதினான்கில் ஒரு பங்குதான் என்பதால், என்ஜின் தர வேண்டிய முறுக்கு விசை சுமார் 20 நியூட்டன் மீட்டர். இந்த அளவு விசையோடு 1,500 சுற்றில் நழுவினால், கிளட்சில் உண்டாகும் வெப்பம் சுமார் 3 கிலோவாட். மூன்று இஸ்திரிப் பெட்டிகளை ஒன்றாகச் சூடேற்றுவதற்கு நிகரான வெப்பம் அது, காற்றோட்டம் குறைந்த ஒரு மூடிய கூட்டுக்குள் இறங்குகிறது. கிளம்பும்போது இரண்டு மூன்று நொடி நழுவுவதைத் தாங்குவதற்காகத்தான் கிளட்சைச் செய்திருக்கிறார்கள். சிக்னல் மாறும்வரை ஒரு நிமிடம் அப்படியே வைத்திருந்தால் கருகிய நெடி வரும். அந்த நெடி வரும்போது உராய்வுப் பூச்சு எரிகிறது என்று பொருள். அப்படி ஓட்டிய வண்டிகளின் கிளட்சைக் கழற்றினால், ஃபிளைவீலின் முகத்தில் நீலம் பாய்ந்த திட்டுகளையும், பிளேட்டில் கண்ணாடி போல வழுவழுப்பாகிப் பிடிமானம் போன பரப்பையும் பார்க்கலாம். கவனமாக ஓட்டியிருந்தால் இன்னும் பல ஆண்டுகள் உழைத்திருக்க வேண்டிய பாகங்கள் அவை. சில நொடிகளுக்கு மேல் நிற்க வேண்டியிருந்தால் நியூட்ரலுக்கு வந்து ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிடுங்கள்.

இதே கணக்கில் உங்களுக்கு ஆறுதலான செய்தியும் இருக்கிறது. சிறிய பெட்ரோல் என்ஜின்கள்கூட அதிகபட்சமாக 90 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரை தருகின்றன. மிதமான மேட்டில் வண்டி உருளாமல் நிற்பதற்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு போதும் என்பதால், என்ஜினை அலறவிட வேண்டிய அவசியமே இல்லை. அலறவிட்டால் கிளட்ச் இன்னும் வேகமாகத் தேயும், அவ்வளவுதான்.

இன்னொன்று. ஹேண்ட் பிரேக் முறையைப் பழகுவதற்கு முன்பு உங்கள் ஹேண்ட் பிரேக் உண்மையிலேயே பிடிக்கிறதா என்று பாருங்கள். லீவரை இழுக்கும்போது எத்தனை 'டிக்' ஒலி கேட்கிறது என்று எண்ணி, வண்டியோடு வந்த கையேட்டில் சொல்லியிருக்கும் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். அதற்கு மேல் போனால் கேபிள் தளர்ந்திருக்கலாம், பின்சக்கர பிரேக் ஷூ தேய்ந்தும் இருக்கலாம். சமதளத்தில் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, முதல் கியரில் கிளட்சை மெதுவாக விட்டுப் பாருங்கள். என்ஜின் திணற வேண்டும், வண்டி நகரக் கூடாது. நகர்ந்தால் முதலில் பிரேக்கைச் சரிசெய்யுங்கள். பிடிக்காத ஹேண்ட் பிரேக்கை நம்பி மேட்டில் பயிற்சி செய்தால் உங்கள் அச்சம் இரட்டிப்பாகும்.

கிளட்ச் பிடிக்கும் இடம் வண்டிக்கு வண்டி மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள். கேபிளில் இயங்கும் கிளட்சாக இருந்தால், பிளேட் தேயத் தேய அந்த இடம் மேலே வந்துகொண்டே இருக்கும். பயிற்சிப் பள்ளியின் வண்டியில் பழகிய கால் சொந்த வண்டியில் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.


பதில்: அகல்விளக்கு

நான் கால் பிரேக் முறையையே பெரும்பாலும் பயன்படுத்துகிறேன் என்பதால் அதையும் சொல்லிவைக்கிறேன். நெரிசலில் ஒவ்வோர் அடிக்கும் ஹேண்ட் பிரேக்கை ஏற்றி இறக்குவது சலிப்பைத் தரும்போது இது கைகொடுக்கும். வலது கால் பிரேக்கை அழுத்தியிருக்கும்போதே கிளட்சை மெல்ல விட்டுப் பிடிக்கும் இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். என்ஜின் ஒலி தாழ்ந்து வண்டி நடுங்கியதும் இடது காலை நிறுத்திவிட்டு, பிரேக்கைத் தளர்த்திப் பார்த்தால் வண்டி நிற்கும். அந்த நிலையில் வலது காலை ஆக்சிலேட்டருக்கு மாற்ற அவசரமே தேவையில்லை.

டீசல் கார்களில் இது மிக எளிது, ஏனென்றால் அவற்றின் என்ஜின் குறைந்த சுற்றிலேயே நல்ல இழுவை தரும். சிறிய பெட்ரோல் என்ஜினில், அதுவும் செங்குத்தான ஏற்றத்தில், ஆக்சிலேட்டர் இல்லாமல் கிளட்சைப் பிடிக்கவிட்டால் என்ஜின் நின்றுபோக வாய்ப்பு அதிகம். ஆகவே நீங்கள் ஹேண்ட் பிரேக் முறையில் கை தேர்ந்த பிறகு, சிறிய மேடுகளில் மட்டும் இதை முயன்று பார்க்கலாம்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறு. முன்னால் நிற்கும் வண்டியின் பின்சக்கரங்கள் சாலையைத் தொடும் இடம் உங்கள் கண்ணுக்குத் தெரியும்படி இடைவெளி விட்டு நில்லுங்கள். ஏற்றத்தில் இன்னும் தாராளமாக விடுங்கள். அந்த ஓட்டுநரும் உங்களைப் போலப் புதியவராக இருந்து பின்னால் உருளக்கூடும். அவர் கிளம்பியவுடன் ஒட்டிக்கொண்டு கிளம்பாமல், ஒரு கார் நீளம் போகவிட்டுக் கிளம்பினால், நீங்கள் நடுவழியில் மறுபடி நிற்க வேண்டிய தேவையே பல நேரங்களில் வராது. பின்னால் ஹாரன் அடிப்பவருக்காக உங்கள் கால்களை விரட்டாதீர்கள்.


வழிப்போக்கன்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஹேண்ட் பிரேக்கை எண்ணிப் பார்த்தேன். கையேட்டில் சொல்லியிருப்பதைவிட நான்கு டிக் கூடுதலாகப் போகிறது. சமதளச் சோதனையிலும் வண்டி தயங்கித் தயங்கி நகர்ந்துவிட்டது. நாளைக்கே சரிசெய்யக் கொடுக்கிறேன்.

இரண்டு ஐயங்கள் உள்ளன. இத்தனைக்குப் பிறகும் மேட்டில் என்ஜின் நின்றுவிட்டால் உடனே செய்ய வேண்டியது என்ன? அன்று நான் இடித்தது அந்தக் குழப்பத்தில்தான். மற்றொன்று, தரைக்குக் கீழே உள்ள நிறுத்துமிடத்திலிருந்து பின்னோக்கியே மேலேற வேண்டியிருந்தால் இதே முறை பொருந்துமா?


பதில்: நெடுஞ்சாலை

என்ஜின் நின்றால் முதலில் கால் பிரேக்கையும் கிளட்சையும் சேர்த்து மிதியுங்கள், உடனே ஹேண்ட் பிரேக்கை இழுங்கள். சாவியைத் தொடுவது அதற்குப் பிறகுதான். வண்டி பத்திரமாக நின்ற பின், நியூட்ரலுக்கு வந்து, நிதானமாக ஸ்டார்ட் செய்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கலாம். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு: என்ஜின் ஓடும்போது பிரேக் மிதிப்பதை எளிதாக்கித் தரும் வெற்றிட அமைப்பில், என்ஜின் நின்ற பிறகு இரண்டு மூன்று மிதிகளுக்கான சேமிப்புதான் இருக்கும். பதற்றத்தில் பிரேக்கை விட்டுவிட்டு மிதித்தால் அது தீர்ந்துபோய்ப் பெடல் கல்லைப் போல இறுகிவிடும். பிரேக் அப்போதும் வேலை செய்யும், ஆனால் பல மடங்கு அழுத்த வேண்டும். எனவே ஒரே மிதியாக மிதித்து, விடாமல் வைத்திருங்கள்.

பின்னோக்கி ஏறுவதற்கும் முறை இதுவேதான். ரிவர்ஸ் கியரின் இழுவை பெரும்பாலான கார்களில் முதல் கியருக்கு நெருக்கமாகவே இருக்கும் என்பதால் கிளட்ச் பிடிக்கும் உணர்வில் பெரிய வேறுபாடு இராது. பார்வை பின்னால் இருப்பதால் பானெட் உயர்வதைப் பார்க்க இயலாது. காதை நம்பியே செய்ய வேண்டும்.

மழை நாளைப் பற்றியும் ஒரு சொல். ஏற்றத்தில் வண்டியின் எடை பின்சக்கரங்களுக்குச் சரிவதால், முன்சக்கரங்களால் இயங்கும் கார்களில் இழுக்கும் சக்கரத்துக்குப் பிடிமானம் குறைகிறது. ஈரமோ சரளைக் கற்களோ சேர்ந்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலத் தொடங்கும். அப்போது ஆக்சிலேட்டரைக் கூட்டினால் இன்னும் சுழலும். குறைத்து, கிளட்சை மேலும் மெதுவாக விடுங்கள்.

பிற்காலத்தில் வேறு கார் வாங்கினால், ஏற்றத்தில் பிடித்துக்கொள்ளும் வசதி அதில் இருக்கலாம். பிரேக்கிலிருந்து காலை எடுத்த பின்னும் அது சுமார் இரண்டு நொடி பிரேக் அழுத்தத்தைத் தக்கவைக்கும், அதற்குள் நீங்கள் கிளம்பிவிட வேண்டும். இரண்டு நொடி கடந்ததும் விட்டுவிடும் என்பதால் கிளட்சை அறிந்த கால் அப்போதும் தேவைப்படும்.


வழிப்போக்கன்

பன்னிரண்டு நாட்களுக்குப் பிறகு எழுதுகிறேன். ஹேண்ட் பிரேக் கேபிளை இறுக்கிப் பின்சக்கர ஷூக்களையும் மாற்றினார்கள். அதன்பின் விடியற்காலையில் வெறிச்சோடிய இடத்தில் மூன்று நாட்கள் கிளட்சை மட்டும் பழகினேன், பிறகு ஒரு சிறிய மேட்டில் நிறுத்தி நிறுத்திக் கிளப்பினேன். முதல் நாள் ஒன்பது முறை என்ஜின் நின்றது. ஐந்தாம் நாள் ஒரு முறைகூட நிற்கவில்லை. நேற்று அன்று இடித்த அதே சாய்தளத்துக்குப் போனேன். சீட்டு வாங்கிவிட்டுக் கண்ணாடியில் பார்த்தால் ஒரு வண்டி நெருங்கி நின்றது. உள்ளங்கை வியர்த்தது உண்மைதான். ஒலி கனமானதும் லீவரை இறக்கினேன். வண்டி ஒரு கணம் அப்படியே நின்று, பிறகு நேராக மேலேறிவிட்டது. மேலே போய் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஒரே ஒரு குறை: கிளட்ச் பிடிக்கும்போது சில நேரம் வண்டி முழுவதும் தடதடவென்று அதிர்கிறது. இது என் காலின் பிழையா, வண்டியின் பிழையா?


பதில்: பட்டறைக்காரன்

படிக்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. அதிர்வைப் பொறுத்தவரை, அடுத்த முறை கிளட்சை விடுவதற்கு முன் ஆக்சிலேட்டரை ஒரு பங்கு கூட்டிப் பாருங்கள். சுற்று குறைவாக இருக்கும்போது பிடிக்கவிட்டால் என்ஜின் திணறி இப்படித் தடதடக்கும். சுற்றைக் கூட்டியதும் நின்றுவிட்டால் வண்டியில் கோளாறு இல்லை. 1,500 சுற்றுக்கு மேலும், சமதளத்திலும், குறிப்பாக என்ஜின் சூடான பிறகு அதிர்ந்தால், கிளட்ச் பிளேட்டில் எண்ணெய் கசிந்திருக்கிறதா, அதன் பரப்பு வழுவழுத்துப் போயிருக்கிறதா, என்ஜினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர்கள் வெடித்திருக்கின்றனவா என்று மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். மவுண்டிங்கை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குக் கியர் பாக்ஸை இறக்க வேண்டியதில்லை.